உடற்கூறு முதல் பாடத்தைச் செய்முறையாக்குங்கள்: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

செவிலியம், ஆய்வக நுட்பம், கதிர்ப்பட நுட்பம் போன்ற படிப்புகளுக்குப் பாடத்திட்டம் வகுப்போருக்கும், அவற்றின் உடற்கூறியல், உடலியங்கியல் பாடங்களைத் தமிழில் எழுதுவோருக்கும், வினாத்தாள் தயாரிப்போருக்கும் வணக்கம்.

எந்த உடற்கூறியல் நூலைப் பிரித்தாலும் முதல் பாடம் ஏறக்குறைய ஒன்றுதான். உடற்கூறு நிலை, திசைச் சொற்கள், தளங்கள், உடற்குழிகள், செல்லில் தொடங்கி உறுப்பு மண்டலம் வரையான அடுக்குகள், கடைசியில் ஹோமியோஸ்டேசிஸ், அதாவது உடலின் உட்சூழல் சமநிலை. வகுப்பில் இதற்கு ஓரிரு மணி நேரம் கிடைக்கும். குறிப்பெழுத வைத்துவிட்டு நேரே எலும்புகளுக்குப் போய்விடுவார்கள். தேர்விலும் 'வரையறு' என்று இரண்டு மதிப்பெண்ணோடு கதை முடியும். வரையறையைப் பிழையில்லாமல் எழுதிய மாணவி வார்டுக்குப் போனதும் எக்ஸ்ரே படத்தைத் திருப்பிப் பிடிக்கிறார், ஊசி போட வேண்டிய இடத்துக்கு இரண்டு விரற்கடை தள்ளிக் குத்துகிறார், பேதிக்குக் கொடுக்கும், ஒரு லிட்டர் நீருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு தம்ளர் தண்ணீரில் கரைக்கச் சொல்கிறார். இந்தப் பிழைகள் எல்லாமே அந்த முதல் பாடத்தில் விளைந்தவை. ஆகவே அந்தப் பாடத்தைச் செய்முறையாக மாற்றி, அதற்கு உரிய நேரத்தையும் மதிப்பெண்ணையும் தாருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

உடற்கூறு நிலையிலிருந்து தொடங்குவோம். நிமிர்ந்து நிற்க வேண்டும்; முகமும் பார்வையும் நேரே; கைகள் பக்கவாட்டில் தொங்க, உள்ளங்கைகள் முன்னோக்கி; பாதங்கள் ஒட்டினாற்போல், விரல்கள் முன்னோக்கி. இதை எல்லா நூலும் சொல்கிறது. உள்ளங்கை ஏன் முன்னோக்க வேண்டும் என்பதைத்தான் பெரும்பாலும் சொல்வதில்லை. உள்ளங்கை முன்னால் இருக்கும்போது முன்கையின் இரண்டு எலும்புகளும், அதாவது ரேடியஸும் அல்னாவும், இணையாக நிற்கின்றன. உள்ளங்கையைப் பின்னோக்கித் திருப்பினால் ரேடியஸ் அல்னாவின் மேல் குறுக்காக விழுகிறது. கட்டைவிரல் உடலின் நடுக்கோட்டுப் பக்கம் வந்துவிடுகிறது. 'ரேடியஸ் வெளிப்புறம், அல்னா உட்புறம்' என்ற வாக்கியம் அப்போது பொய்யாகிவிடும். மாணவர்கள் தங்கள் முன்கையைப் பிடித்துக்கொண்டு திருப்பிப் பார்த்தால் அரை நிமிடத்தில் புரிகிற விஷயம் இது.

அடுத்தது, நோயாளி எப்படிப் படுத்திருந்தாலும் விவரிப்பு இந்த நிலையை வைத்துத்தான். குப்புறப் படுத்தவரின் முதுகு கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆனாலும் அது பின்புறமே; 'மேற்புறம்' ஆகாது. உடற்கூறியலில் மேல் என்றால் தலைப்பக்கம். கட்டிலில் கிடப்பவரைப் பார்த்து எழுதும்போது இந்த இடத்தில்தான் முதலில் சறுக்கும்.

வலமும் இடமும் எப்போதும் நோயாளியுடையவை. எதிரே நிற்கும் நமக்கு அவரது வலக்கை இடப்பக்கம் தெரியும். மார்பு எக்ஸ்ரேயும் அப்படியே. பார்ப்பவரின் இடப்பக்கத்தில் நோயாளியின் வலது நுரையீரல் இருக்கும். சி.டி. ஸ்கேனின் குறுக்குவெட்டுப் படத்தை, மல்லாந்து படுத்தவரின் காலடியில் நின்று தலைப்பக்கம் பார்ப்பதாக எண்ணிப் பார்க்க வேண்டும். அதனால் கல்லீரல் படத்தின் இடப்பக்கம் விழுகிறது. எக்ஸ்ரே படத்தில் இருக்கும் வலம், இடம் குறியைப் பார்க்காமல் இதயம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை வைத்துப் படத்தை மாட்டும் பழக்கம் ஆபத்தானது. இதயம் வலப்பக்கம் அமைந்த மனிதர்களும் உண்டு. அவர்களின் படம் கண்ணாடியில் தெரிவதுபோல் வலம் இடம் மாறி மாட்டப்பட்டு, இயல்பானதாகவே வாசிக்கப்பட்டுவிடும். பாடநூல் படங்கள் ஒவ்வொன்றின் கீழும் 'நோயாளியின் வலது' என்று ஒரு மூலையிலாவது அச்சிடுங்கள். மைச் செலவு ஒன்றும் பெரிதில்லை.

திசைச் சொற்களில் மாணவர் செய்யும் முதல் பிழை, அவற்றைத் தனித்து நிற்கும் முகவரிகளாக எண்ணுவது. 'முழங்கை பிராக்சிமல்' என்று விடைத்தாளில் எழுதியிருப்பார்கள். எதற்கு பிராக்சிமல்? மணிக்கட்டோடு ஒப்பிட்டால் முழங்கை பிராக்சிமல், அதாவது கை உடலோடு சேரும் இடத்துக்கு அண்மையில் உள்ளது. தோளோடு ஒப்பிட்டால் அதே முழங்கை டிஸ்டல், அதாவது தொலைவில் உள்ளது. கண்ணோடு ஒப்பிட்டால் மூக்கு மீடியல், அதாவது நடுக்கோட்டுக்கு அண்மையில் உள்ளது. காதோடு ஒப்பிட்டால் கண் மீடியல். ஒப்பிடும் உறுப்பைச் சொல்லாத விடைக்கு மதிப்பெண் தரக்கூடாது என்று திருத்துவோருக்கு வழிகாட்டுதல் கொடுத்தால் ஒரே பருவத்தில் இந்தப் பழக்கம் மாறும்.

கட்டைவிரல் வெளிப்புறம் இருக்க, கால் பெருவிரல் மட்டும் ஏன் உட்புறம் என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் நாமே கேட்க வேண்டும். கருவில் கைமொட்டும் கால்மொட்டும் ஒரே மாதிரித்தான் பக்கவாட்டில் முளைக்கின்றன. பிறகு கை வெளிப்புறமாகவும் கால் உட்புறமாகவும் ஏறக்குறைய 90 டிகிரி சுழல்கின்றன. முழங்கை பின்னால் இருப்பதும் முழங்கால் முன்னால் இருப்பதும் இதனால்தான். முழங்கையை மடக்கினால் முன்கை முன்னால் வருகிறது, முழங்காலை மடக்கினால் கணுக்கால் பின்னால் போகிறது. இரண்டுக்கும் பெயர் மடக்கல். சுழற்சியைச் சொல்லிவிட்டால் இதை உருப்போட வேண்டியதில்லை.

இந்தச் சொற்கள் தேர்வுக்கு மட்டும் உரியவை என்ற எண்ணத்தைத் தடுப்பூசி அட்டவணை ஒன்றே போக்கிவிடும். நம் நாட்டின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் காசநோய்க்கான பி.சி.ஜி. இடது மேற்கையில், ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் இடது தொடை நடுப்பகுதியின் முன்-வெளிப்புறத்தில், நிமோகாக்கல் தடுப்பூசி வலது தொடையில் அதே இடத்தில், தட்டம்மை-ருபெல்லா வலது மேற்கையில். எல்லா ஊரிலும் ஒரே பக்கம் என்று வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. நாளை குழந்தையின் ஒரு தொடை வீங்கினால், எந்த மருந்துக்கு வந்த வீக்கம் என்பதைப் பக்கத்தை வைத்தே சொல்லிவிடலாம். 'முன்-வெளிப்புறம்' என்ற இரண்டு சொல்லில் பாதியை விட்டுவிட்டு உட்புறம் குத்தினால், தொடை தமனியும் நரம்பும் ஓடும் பக்கத்தை ஊசி நெருங்குகிறது. வெளிப்புறத் தசையான வாஸ்டஸ் லேட்டராலிஸ் கைக்குழந்தைக்கும் போதிய பருமனோடு இருக்கும். பெரிய நரம்போ ரத்தக் குழாயோ அருகில் இல்லை. பெயரிலேயே 'லேட்டரல்', அதாவது வெளிப்புறம், இருப்பதை மாணவருக்குக் காட்டுங்கள்.

பிட்டத்தில் போடும் ஊசியில் நடக்கும் பிழை இன்னும் நுட்பமானது. 'மேல்-வெளிக் கால்பகுதி' என்று எல்லோரும் சரியாகவே ஒப்பிப்பார்கள். ஆனால் எதை நான்காகப் பிரிப்பது? பிட்டம் என்றதும் கண்ணுக்குத் தெரியும் சதைத்திரட்சியை மட்டும் நான்காகப் பிரித்தால், அதன் மேல்-வெளிப்பகுதி வேண்டியதைவிடக் கீழே இறங்கி, காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்புக்குப் பக்கத்தில் போய்விடும். மேல் எல்லை இடுப்பெலும்பின் விளிம்பு. கீழ் எல்லை பிட்டமும் தொடையும் சேரும் மடிப்பு. விளிம்பெலும்பை விரலால் தொட்டு உறுதிசெய்த பிறகுதான் பிரிக்க வேண்டும். நரம்பில் பட்டால் பாதம் தொங்கிப்போவது வரை கொண்டுவிடும். இடுப்பின் பக்கவாட்டில் போடும் வென்ட்ரோகுளூட்டியல் முறை இதைவிடப் பாதுகாப்பானது. அது பல கல்லூரிகளில் பெயரளவில் மட்டும் சொல்லித் தரப்படுவது வருத்தமான விஷயம். தோள்தசைக்கும் இதே கணக்கு: தோள் உச்சி எலும்புக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே. அதற்கு மேலே குத்தினால் மருந்து தோள்மூட்டைச் சுற்றிய நீர்ப்பையில் இறங்கி மாதக்கணக்கில் வலிக்கும். மிகவும் கீழே, பின்னால் போனால் ரேடியல் நரம்பு.

மேலோட்டம், ஆழம் என்ற இணையைக் கற்பிக்க ஊசியின் கோணமே போதும். தோலுக்குள் போடும்போது 10 முதல் 15 டிகிரி, தோலடியில் 45, தசையில் 90. பி.சி.ஜி. தோலுக்குள் போனால் சின்னக் கொப்புளமாக எழும்பும். எழும்பாமல் வழுக்கிக்கொண்டு இறங்கினால் ஊசி தோலடிக்குப் போய்விட்டது என்று பொருள். அங்கே சீழ்க்கட்டி வரும் வாய்ப்பு கூடுகிறது. எபிடெர்மிஸ், டெர்மிஸ், தோலடிக் கொழுப்பு, தசை என்ற அடுக்குகளை எழுதி வாங்குவதோடு நிறுத்தாமல், மேற்படி ஊசிகள் ஒவ்வொன்றும் எந்த அடுக்கில் நிற்கிறது என்று படத்தில் குறிக்கச் சொல்லுங்கள்.

இங்கே தமிழ்ச் சொற்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நோயாளியின் பேச்சுத் தமிழும் நூலின் தமிழும் ஒன்றல்ல என்பதைப் பாடநூல்கள் கண்டுகொள்வதே இல்லை. ஊரில் 'நரம்பு ஊசி' என்றால் சிரையில் போடுவது. கையில் புடைத்துத் தெரிகிற நரம்பு என்பதும் சிரைதான். 'நரம்பு இழுக்குது' என்பவருக்குப் பெரும்பாலும் தசைப்பிடிப்பு. 'வயிறு' இரைப்பையாகவும் இருக்கலாம், விலா முதல் இடுப்பு வரை எதுவாகவும் இருக்கலாம். 'இடுப்பு வலி' முதியவர் சொன்னால் கீழ்முதுகு. நிறைமாதக் கர்ப்பிணி சொன்னால் பிரசவ வலி. 'கை' தோளிலிருந்து விரல்நுனி வரை. 'கால்' தொடையிலிருந்து பாதம் வரை. எனவே குறிப்பேட்டில் 'கையில் காயம்' என்று எழுதினால் மேற்கையா முன்கையா உள்ளங்கையா என்பது அடுத்த ஷிப்டுக்கு வருபவருக்குத் தெரியாது. நோயாளி சொல்லும் சொல்லை அப்படியே மேற்கோளாக எழுத வேண்டும். பிறகு ஒரு விரலால் இடத்தைக் காட்டச் சொல்லி, உடற்கூறுப் பெயரைப் பக்கத்தில் எழுத வேண்டும். இந்த இரட்டைப் பதிவு முதல் வாரத்திலேயே கற்றுத்தரத் தக்கது.

நூல்களுக்குள்ளேயும் குழப்பம் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூலில் தமனி, சிரை. இலங்கைப் பாடநூலில் அவையே நாடி, நாளம். நமக்கோ நாடி என்றால் துடிப்பு, நாளம் என்றால் பொதுவாகக் குழாய். இணையத்தில் இரு நாட்டுக் குறிப்புகளையும் கலந்து படிக்கும் மாணவர் 'நுரையீரல் நாளம்' என்பதை எப்படி எடுத்துக்கொள்வார்? யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்திருக்கிறார். யாழ்ப்பாண மரபு நம்முடையதைவிட மூத்தது, ஆகவே எது சரி என்று வழக்காடுவதில் பயனில்லை. நூலின் முதல் பக்கத்தில் இரு வழக்கையும் ஒரு சிறு அட்டவணையில் தந்துவிட்டு, உள்ளே ஒன்றையே கடைசிவரை பயன்படுத்தினால் போதும். மருத்துவமனையில் காதில் விழப்போவது ஆர்ட்டரி, வெயின் என்பதால் அவற்றையும் அதே அட்டவணையில் சேர்த்துவிடுங்கள்.

தமனிக்கு நாம் சொல்லித்தரும் வரையறையிலும் கோளாறு உண்டு. 'தூய ரத்தத்தைக் கொண்டுசெல்வது தமனி' என்று இன்னும் எழுதுகிறார்கள். நுரையீரல் தமனி ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தைத்தான் கொண்டுசெல்கிறது. இதயத்திலிருந்து வெளியே போவது தமனி, இதயத்துக்குத் திரும்புவது சிரை. ஓட்டத்தின் திசை மட்டுமே அளவுகோல். சிரை ரத்தம் நீலமும் இல்லை, கருஞ்சிவப்பு. படத்தில் நீலம் ஒரு வசதிக்காக என்று ஒரு வரி போடலாம்.

உடற்குழிகளையும் அவற்றை உறையிடும் படலங்களையும் பெயர்ப்பட்டியலாகவே கடந்துவிடுகிறோம். நுரையீரலைச் சூழ்ந்த புளூரா இரட்டைப் படலம் என்பதோடு பாடம் நின்றுவிடும். சுவரை ஒட்டிய படலத்துக்கு இடம் காட்டும் கூர்மையான வலி உணர்வு உண்டு, உறுப்பை ஒட்டிய படலத்துக்கு அது கிடையாது என்ற ஒரே செய்தியிலிருந்து எவ்வளவோ விளங்கும். குடல்வால் அழற்சியில் வலி முதலில் தொப்புளைச் சுற்றி மந்தமாக வருவது ஏன்? குடல்வாலின் உணர்வு நரம்புகள் பத்தாவது மார்புத் தண்டுவடப் பகுதிக்குப் போகின்றன. தொப்புளைச் சுற்றிய தோலின் உணர்வும் அங்கேதான் சேர்கிறது. மூளை இரண்டையும் பிரித்தறிய முடியாமல் தொப்புளைக் காட்டுகிறது. அழற்சி முற்றி, வயிற்றுச் சுவரை ஒட்டிய பெரிட்டோனியப் படலத்தைத் தொட்டதும் வலி வலது அடிவயிற்றுக்கு நகர்ந்து, விரல்வைத்துக் காட்டும் அளவுக்குக் கூர்மையாகிறது. இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு போட்டால், முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் உள்ள மக்பர்னி புள்ளி அது. வயிற்றின் ஒன்பது பகுதிகளையும் நான்கு கால்பகுதிகளையும் உருப்போடும் மாணவருக்கு இந்த ஓர் எடுத்துக்காட்டு அவற்றின் பயனைக் காட்டிவிடும்.

விலாவிடைவெளியில் ஊசி செலுத்தும்போது கீழ் விலாவின் மேல் விளிம்பை ஒட்டியே போக வேண்டும் என்பதும் இத்தகையதே. ஒவ்வொரு விலாவின் கீழ் விளிம்பிலும் ஒரு பள்ளம்; அதில் சிரை, தமனி, நரம்பு மூன்றும் ஓடுகின்றன. 'கீழ்', 'மேல்' மாறினால் ரத்தக்கசிவு.

இனி உடலியங்கியல் பக்கம். ஹோமியோஸ்டேசிஸ் என்ற சொல்லை வால்டர் கேனன் 1926-இல் வழக்குக்குக் கொண்டுவந்தார். உட்சூழல் என்ற கருத்து அவருக்கு முன்பே பிரான்சின் கிளாட் பெர்னார்டுடையது. 'உட்சூழலை மாறாமல் வைத்திருத்தல்' என்ற வரையறையை அடித்துவிடுங்கள். அது மாறிக்கொண்டேதான் இருக்கிறது, ஒரு வரம்புக்குள். ரத்தத்தின் பி.எச். 7.35 முதல் 7.45 வரை என்பது குறுகிய வரம்பு. இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை என்பது அகலமானது. சில அளவுகள் விரியவிடப்படுவதே மற்ற சில குறுகலாக நிற்பதற்காகத்தான். மாடிப்படி ஏறும்போது துடிப்பு 120-ஐத் தொடுவது சமநிலை குலைந்ததற்கு அடையாளமில்லை, பி.எச். குலையாமலிருக்க உடல் கொடுக்கும் விலை அது.

எதிர்மறைப் பின்னூட்டத்துக்கு, அதாவது மாற்றத்தை எதிர்த்துத் திருப்பும் ஏற்பாட்டுக்கு, எல்லா நூலும் உடல்வெப்பத்தை எடுத்துக்காட்டாகத் தருகிறது. நல்ல தேர்வு, பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் குறை. உணரி, கட்டுப்பாட்டு மையம், செயலி என்ற மூன்றோடு 'இலக்கு அளவு' என்ற நான்காவதையும் சேர்த்துச் சொன்னால்தான் காய்ச்சல் புரியும். தொற்றின்போது புரோஸ்டாகிளாண்டின் இ2 என்ற வேதிப்பொருள் மூளையின் ஹைபோதாலமஸில் இலக்கை 37-இலிருந்து 39 டிகிரி செல்சியஸுக்கு உயர்த்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடல் இன்னும் 37-இல் இருக்கிறது. மையத்தின் பார்வையில் அது குளிர். தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கும், உடல் நடுங்கும், நோயாளி போர்வை கேட்பார். 39-ஐ எட்டியதும் நடுக்கம் நிற்கும். பாராசிட்டமால் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைக் குறைத்து இலக்கை மீண்டும் 37-க்கு இறக்குகிறது. இப்போது உடல் இலக்கைவிடச் சூடு, எனவே வியர்க்கிறது. 'காய்ச்சல் வியர்த்து விட்டது' என்று வீட்டில் சொல்வது இதைத்தான்.

வெப்பவாதத்தில் (ஹீட் ஸ்ட்ரோக்) நடப்பது வேறு. இலக்கு 37-இலேயே நிற்கிறது. உடலால் வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் உள்வெப்பம் 40-ஐத் தாண்டிவிடுகிறது, கூடவே மனக்குழப்பமோ வலிப்போ நினைவிழப்போ. உயராத இலக்கைப் பாராசிட்டமால் எப்படி இறக்கும்? பயனில்லை, கல்லீரலுக்கும் சுமை. ஆடையைத் தளர்த்தி, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி, காற்று வீசச் செய்வதே முதல் வேலை, மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலும் அது தொடர வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பம் வெளியேறும். சொட்டி விழுந்தால் ஏதும் வெளியேறாது. மே மாதத்துக் கடலோரப் புழுக்கத்தில் வியர்வை வழிந்தும் உடல் குளிராததற்கு இதுவே காரணம். காய்ச்சலுக்கும் வெப்பவாதத்துக்கும் வேறுபாடு கேட்டு ஒரு வினா ஒவ்வொரு கோடைத் தேர்விலும் இடம்பெறத் தகும்.

மாற்றத்தை மேலும் கூட்டும் நேர்மறைப் பின்னூட்டம் பற்றி அதிகம் வேண்டாம். பிரசவத்தில் ஆக்சிடோசின், ரத்தம் உறைதல். இரண்டுக்கும் ஒரு முடிவுப்புள்ளி உண்டு என்பதைச் சொல்லிவிட்டு நகரலாம்.

உடல்நீரின் பங்கீடு மட்டும் எண்களோடு கற்பிக்கப்பட வேண்டும். 70 கிலோ எடையுள்ள ஆணின் உடலில் சுமார் 42 லிட்டர் தண்ணீர். அதில் 28 லிட்டர் செல்களுக்குள், 14 லிட்டர் வெளியே. வெளியே உள்ளதில் சுமார் 3 லிட்டர்தான் பிளாஸ்மா, மிச்சம் செல்களுக்கிடையே. சோடியம் வெளியே லிட்டருக்கு 135-145 மில்லிமோல், பொட்டாசியம் வெளியே 3.5-5 மட்டும், செல்லுக்குள் இது தலைகீழ். இந்தக் கணக்கு கைவந்தால் 'குளுக்கோஸ் ஏத்துறது' என்று ஊரே சொல்லும் வேலையின் உள்விவரம் விளங்கும். 0.9 சதவீத சலைன், அதாவது உப்புநீர், செல்லுக்குள் போகாது. ஒரு லிட்டர் ஏற்றினால் ஏறக்குறைய கால் லிட்டர் ரத்தக் குழாயில் தங்கும், மீதி செல்லிடை நீரில் சேரும். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் சர்க்கரையைச் செல்கள் எடுத்துக்கொண்டபின் மிஞ்சுவது வெறும் தண்ணீர். அது மூன்று அறைகளுக்கும் பரவி, குழாயில் 100 மி.லி. கூட நிற்காது. ரத்தப்போக்கில் அழுத்தம் சரிந்தவருக்கு டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றுவது ஏன் தவறு என்பது இதிலிருந்து தானே வரும். தெம்புக்காக ஒரு பாட்டில் கேட்டு வருபவருக்குக் கிடைப்பது 500 மி.லி.க்கு 25 கிராம் சர்க்கரை. இரண்டு இட்லி தின்றிருக்கலாம்.

ஓ.ஆர்.எஸ். இதே பாடத்தின் அடுத்த படி. சிறுகுடலின் செல்சவ்வில் சோடியமும் குளுக்கோஸும் ஒரே வாயிலில் சேர்ந்து நுழைகின்றன, தண்ணீர் பின்தொடர்கிறது. காலராவிலும் இந்த வாயில் கெடுவதில்லை. 1971-இல் வங்காள எல்லை அகதி முகாமில் திலீப் மகலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழி கொடுத்துப் பல உயிர்களைக் காத்தது இந்த அடிப்படையில்தான். இன்றைய உலக சுகாதார நிறுவனக் கலவையில் ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9, மொத்தம் 20.5 கிராம், செறிவு 245 மில்லி ஆஸ்மோல். ரத்தத்தின் செறிவு சுமார் 290 என்பதால் தண்ணீர் குடலிலிருந்து உள்ளே போகிறது. அந்தப் பொட்டலத்தை 200 மி.லி. தம்ளரில் கரைத்தால் செறிவு ஐந்து மடங்காகி 1,200-ஐத் தாண்டும். தண்ணீர் எதிர்த்திசையில், ரத்தத்திலிருந்து குடலுக்கு வரும், பேதி கூடும், குழந்தையின் ரத்த சோடியம் அபாய அளவுக்கு ஏறும். 200 மி.லி.க்கான சிறு பொட்டலங்களும் கடையில் கிடைப்பதால் உறையில் உள்ள அளவைப் படித்துத்தான் சொல்ல வேண்டும். சவ்வூடு பரவலுக்கு உருளைக்கிழங்குச் சோதனையை மட்டும் காட்டும் பாடநூல்கள் இதையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

மூச்சுக்கு ஒரு கணக்கு. ஒரு மூச்சில் 500 மி.லி., அதில் 150 மி.லி. மூச்சுக்குழாய்களிலேயே தங்கிவிடும், வளிமாற்றத்துக்கு அது உதவாது. நிமிடத்துக்கு 12 மூச்சு என்றால் மொத்தம் 6 லிட்டர், காற்றுப்பைகளுக்குப் போவது 4.2 லிட்டர். அதே 6 லிட்டரை ஒருவர் 24 மூச்சாக, 250 மி.லி. வீதம் இழுத்தால் காற்றுப்பைகளுக்குப் போவது 24 பெருக்கல் 100, அதாவது 2.4 லிட்டர்தான். வேகமாக மூச்சு வாங்குபவர் அதிகக் காற்றைப் பெறுகிறார் என்ற நினைப்பை இந்த ஒரே கணக்கு உடைக்கும். மூச்சு எண்ணிக்கையை 15 விநாடி பார்த்து நான்கால் பெருக்கும் வழக்கமும் ஒழிய வேண்டும்: 15 விநாடியில் ஒரு மூச்சு தவறினால் நிமிடக் கணக்கில் நான்கு தவறுகிறது. முழு 60 விநாடி எண்ண வேண்டும், எண்ணுகிறோம் என்பதை நோயாளி அறியாமல்.

எனவே எங்கள் கோரிக்கைகள். முதல் பாடத்துக்குக் குறைந்தது 12 மணி நேரம் ஒதுக்குங்கள். அதில் பாதி செய்முறை. இருவர் இருவராக நிற்கவைத்து, கழுவினால் போகும் மையால் ஒருவர் மற்றவரின் கையில் தோள் உச்சி எலும்பையும் ஊசி போடும் இடத்தையும் முழங்கை மடிப்புச் சிரைகளையும் குறிக்கட்டும். தொடை, வயிறு, பிட்டத்துக்குப் பொம்மை உடல் போதும். பிறகு குப்புறப் படுக்கவைத்து அதே குறிகளை மறுபடி வாயால் விவரிக்கச் சொல்லுங்கள். தடுமாற்றம் அங்கே வெளிப்படும். எலும்புக்கூட்டின் வலது, இடது தொடை எலும்புகளைப் பிரித்தெடுக்கச் சொல்லுங்கள். தலை உட்புறம், உடற்பகுதியின் வளைவு முன்புறம் குவிந்திருக்கும், கீழ்முனைக் குமிழ்கள் பின்னோக்கும் என்ற மூன்று அடையாளம் போதும்.

வினாத்தாளில் 'வரையறு' வினாக்களை இந்தப் பாடத்துக்கு மட்டுமாவது நிறுத்திவையுங்கள். பதிலாக ஒரு காயத்தின் படத்தைத் தந்து, பார்க்காத ஒருவர் அதே இடத்தைத் தொடும்படி இரண்டு வாக்கியத்தில் எழுதச் சொல்லலாம். 'வலது முன்கையின் முன்புறம், மணிக்கட்டு மடிப்புக்கு 4 செ.மீ. பிராக்சிமலாக, ரேடியஸ் பக்கம், 2 செ.மீ. நீளம், தோலடி வரை ஆழம்' என்பதே எதிர்பார்க்கும் விடை. பக்கம் (வலமா இடமா), பகுதி, முன்புறமா பின்புறமா என்பது, ஒப்பிடும் இடம், தூரம், ஆழம் என ஆறும் இருந்தால் முழு மதிப்பெண். பக்கம் தவறினால், மற்ற ஐந்தும் சரியாக இருந்தாலும், சுழியம்.

இப்படிக்கு,
உடற்கூறியல், உடலியங்கியல் கற்பிப்போர் சிலர்